பிரேக் ஹோஸில் ஈரம்: தண்ணீரா, எண்ணெயா, கசிவா?

அத்தியாயம் 7

மார்கழி மாதம், காலை ஆறரை மணி. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் வெளியே நிறுத்திய வண்டிகள் எல்லாவற்றின் மேலும் பனி முத்து முத்தாக நிற்கும் நேரம். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கதவைத் தட்டினார். "அண்ணே, பிரேக் ஆயில் லீக் ஆவுது. ஹோஸ் பூரா ஈரம். வண்டிய எடுக்கலாமா?" அவருக்கு எட்டு மணிக்கு சிப்காட்டில் வேலை.

வண்டியைக் கூரைக்குக் கீழே தள்ளி வந்து ஹோஸை மேலிருந்து கீழ்வரை துடைத்தோம். துணியில் வந்தது வெறும் தண்ணீர். பிரேக் லிவரைப் பத்து முறை அழுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஹோஸ் முழுக்க உலர்ந்திருந்தது. டிஸ்க்கைப் பிடிக்கும் காலிபரில் ஹோஸ் வந்து சேரும் போல்ட்டின் அடியில் மட்டும் எள் அளவுக்கு ஒரு பொட்டு புதிதாக முளைத்திருந்தது. கையுறை விரலால் தொட்டால் வழவழவென்று இருந்தது. இரண்டு மாதம் முன்பு ஹோஸ் மாற்றியபோது பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கசிவைத்தான் அத்தனை நாளும் பனி மூடி வைத்திருந்தது.

இந்த அத்தியாயத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது அந்த ஒரு பொட்டைக் கண்டுபிடிக்கும் வழி. ஒரே விதியை மனதில் வையுங்கள்: துடைத்தால் போய்விடுவது ஈரம், துடைத்த இடத்துக்கே திரும்பி வருவது கசிவு.

## இது எந்த வண்டிக்கு?

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு மட்டும். முன்னும் பின்னும் டிரம் பிரேக் உள்ள மொபெட், பழைய 100 சிசி வண்டிகளில் பிரேக் கேபிளிலும் கம்பியிலும் வேலை செய்கிறது. அவற்றில் ஹோஸும் இல்லை, பிரேக் ஆயிலும் இல்லை. உங்கள் வண்டியில் ஹேண்டில்பாரின் வலப்பக்கம் பிரேக் லிவருக்கு முன்னால் சின்ன டப்பா இருந்தால் முன் பிரேக் ஆயிலில் இயங்குகிறது. பின் சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால் அதற்கான டப்பா வலப்பக்கக் கால் பிரேக்குக்கு மேலே, பக்க மூடியை ஒட்டி இருக்கும்.

## முதலில் பாதுகாப்பு

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது லோடு ஆட்டோவில் ஏற்றுங்கள்.

- லிவர் ஹேண்டில் பிடிவரை வந்து ஒட்டுகிறது.
- அழுத்திப் பிடித்திருக்கும்போதே லிவர் மெல்ல உள்ளே இறங்குகிறது.
- டப்பாவில் ஆயில் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டது.
- டிஸ்க் தட்டிலோ டயரிலோ எண்ணெய்ப் பசை தெரிகிறது.
- அழுத்தும்போது ஹோஸில் எங்காவது புடைப்பு எழுகிறது.

"பின் பிரேக் இருக்கிறதே, மெதுவாகப் போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. கடலூர்–சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் பஸ்ஸுக்கும் டிப்பர் லாரிக்கும் நடுவில் முன் பிரேக் இல்லாமல் போவது உயிரோடு விளையாடுவது.

வேலை செய்யும்போது:

- எஞ்சினும் சைலன்சரும் டிஸ்க்கும் ஆறிய பிறகே தொடுங்கள்.
- ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். பிரேக் ஆயில் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, டாக்டரிடம் போங்கள்.
- பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். பக்கத்தில் ஒரு மக்கில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கிலோ மட்கார்டிலோ சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.
- நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். அது விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

## தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்

ஹோஸ் மூன்று அடுக்கு கொண்டது. உள்ளே ஆயில் ஓடும் ரப்பர் குழாய். அதைச் சுற்றி அழுத்தத்தைத் தாங்கும் நூல் பின்னல். அதற்கு மேல் வெயிலையும் உரசலையும் தாங்கும் வெளி ரப்பர். இரண்டு முனையிலும் இரும்பு முனை நெரித்துப் பொருத்தியிருக்கும். உள்குழாய் நடுவில் எங்கோ விட்டாலும், ஆயில் நூல் பின்னல் வழியாகவே ஓடி இரும்பு முனையில் வந்து எட்டிப் பார்க்கும். ஈரம் தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பிரேக் ஆயில் பெயரளவில்தான் எண்ணெய். நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகைகள் தண்ணீரில் முழுவதும் கரைந்துவிடும். காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். லிவர் பஞ்சு போல அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆண்டு முழுக்கக் கடல் காற்று வீசும் தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் வண்டி வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

## தேவையான பொருட்கள்

1. வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு, வெள்ளை டிஷ்யூ பேப்பர் ஒரு கட்டு
2. டார்ச், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி
3. கண்ணாடி டம்ளரில் தண்ணீர்
4. சாதாரண முகப்பவுடர், பழைய பெயின்ட் பிரஷ்
5. நூல் அல்லது ரப்பர் பேண்டு
6. மார்க்கர் பேனா
7. பிரேக் கிளீனர் ஸ்பிரே. இல்லையென்றால் சோப்புத் தண்ணீர்
8. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி

இந்தச் சோதனைகள் எதற்கும் ஸ்பேனர் தேவையில்லை. கசிவு எங்கே என்று தெரியும் வரை எந்த போல்ட்டையும் தொடாதீர்கள்.

## படி 1: நேரமும் இடமும் தேர்ந்தெடுங்கள்

விடிகாலையில் பார்க்காதீர்கள். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கத்தில் பனியும் மழையும் மாறி மாறி வரும். அந்த நேரத்தில் எல்லா ஹோஸும் கசிவது போலவே தெரியும். காலை பத்து மணிக்கு மேல், கூரையுள்ள இடத்தில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வாட்டர் சர்வீஸ் முடிந்த அன்றே பார்க்காதீர்கள். சில இடங்களில் பளபளப்புக்காக டீசலோ பாலிஷோ அடித்து அனுப்புவார்கள். அது இரண்டு நாளுக்கு உங்களைக் குழப்பும்.

## படி 2: ஆயில் மட்டத்தைக் குறியுங்கள்

1. ஹேண்டிலை நேராக்கி, டப்பா சமமாக இருக்கும்படி வையுங்கள்.
2. டப்பாவின் கண்ணாடித் துளையில் அல்லது பக்கவாட்டில் மட்டம் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். தேதியையும் எழுதுங்கள்.
3. ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். புது ஆயில் தெளிவாகவோ இளம் தேன் நிறத்திலோ இருக்கும். டிகாக்‌ஷன் போலக் கறுத்திருந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது.

குறிப்பு: மட்டம் இறங்கிய எல்லா வண்டியும் கசிகிறது என்று அர்த்தமில்லை. பிரேக் பேட் தேயத் தேயக் காலிபரின் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். ஆகவே மட்டம் குறைந்தால் முதலில் பேட்டின் கனத்தைப் பாருங்கள். பேட் தேய்ந்து மட்டம் மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் அது இயல்பு. பேட் புதிதாக இருந்தும், ஒரு வாரத்தில் மார்க்கர் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் அது கசிவு.

## படி 3: லிவரைக் கேளுங்கள்

1. சாவியை அணையுங்கள். லிவரை இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள்.
2. பிறகு ஓட்டும்போது பலமாகப் பிடிப்பது போலப் பிடித்து, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள்.
3. கல் போல நின்றால் நல்லது. ஆனாலும் மற்றப் படிகளை விடாதீர்கள். ஆரம்பக் கசிவு லிவரில் தெரியாது.
4. மெல்ல இறங்கினால் ஆயில் எங்கோ வெளியேறுகிறது. வெளியே எங்கும் ஈரமே இல்லையென்றால், லிவர் அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்கலாம். அப்போது ஆயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும்.
5. பஞ்சு போல அமுங்கி, இரண்டாவது முறை அழுத்தும்போது கெட்டியானால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மெக்கானிக்குகள் "ஏர் பூந்துடுச்சு" என்பது இதைத்தான்.

## படி 4: இது என்ன ஈரம்?

ஈரமான இடத்தை வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். அந்த டிஷ்யூவின் ஒரு மூலையைக் கிழித்து வெயிலில் வையுங்கள். இன்னொரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டு மெல்ல ஆட்டுங்கள்.

- பனி அல்லது மழைத் தண்ணீர்: டிஷ்யூ சில நிமிடத்தில் காய்ந்து பழையபடி வெள்ளையாகும். டம்ளரில் எந்த மாற்றமும் இருக்காது.
- உப்புத் தண்ணீர்: காய்ந்த இடத்தில் வெள்ளைப் பூப் பூக்கும். துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டியைப் பின்னால் கட்டிவரும் வண்டிகளில், உருகிய தண்ணீர் சொட்டிப் பின் ஹோஸின் இரும்பு முனையில் இப்படிப் பூப்பது வழக்கம். இது கசிவில்லை. ஆனால் இரும்பு முனையைத் துரு தின்ன ஆரம்பித்திருக்கலாம், கூர்ந்து பாருங்கள்.
- ஃபோர்க் ஆயில், எஞ்சின் ஆயில், செயின் ஸ்பிரே, டீசல்: டிஷ்யூவில் கண்ணாடி போன்ற கறை நிற்கும், காயாது. டம்ளரில் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதக்கும்.
- பிரேக் ஆயில்: டிஷ்யூவில் வழவழப்பான கறை, சீக்கிரம் காயாது. ஆனால் டம்ளரில் படலம் மிதக்காது, கரைந்து காணாமல் போகும். அந்த இடத்துப் பெயின்ட் மங்கியோ, கொப்பளித்தோ, உரிந்தோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.
- கூலன்ட்: தண்ணீரால் குளிரும் எஞ்சின் உள்ள வண்டிகளில் மட்டும். இதுவும் தண்ணீரில் கரையும், ஆனால் பச்சை, நீலம் போன்ற சாயம் டிஷ்யூவில் ஒட்டும். ரேடியேட்டர் பக்கம் தேடுங்கள்.

கைக்குக் கிடைக்கும் எளிய வித்தியாசம் இதுதான்: எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், பிரேக் ஆயில் கரையும்.

### அடிக்கடி ஏமாற்றுவது: ஃபோர்க் ஆயில்

காலிபர் முன் ஃபோர்க்கின் அடியில் மாட்டியிருக்கிறது. ஃபோர்க்கின் ஆயில் சீல் தேய்ந்தால் அந்த எண்ணெய் கம்பி வழியாக வழிந்து நேராகக் காலிபர் மேலும், ஹோஸின் கீழ் முனை மேலும் சொட்டும். பார்ப்பவர்கள் "ஹோஸ் லீக்" என்று புது ஹோஸ் வாங்கிப் போடுவார்கள், ஈரம் நிற்காது. ஃபோர்க்கின் பளபளப்பான கம்பியைப் பாருங்கள்: எண்ணெய் வளையம் தெரிந்தால், அதில் தூசு ஒட்டிக் கறுத்திருந்தால் குற்றவாளி அங்கே இருக்கிறது. இதுவும் ஆபத்துதான். அந்த எண்ணெய் பேட்டில் ஏறினால் பிரேக் வழுக்கும்.

## படி 5: மேலிருந்து கீழே தேடுங்கள்

திரவம் கீழே வழியும். காற்றில் பின்னாலும் பறக்கும். ஆகவே அதிகம் ஈரமான இடம் முக்கியமில்லை, மிக உயரத்தில் ஈரமாக இருக்கும் இடமே முக்கியம். முழுவதையும் துடைத்து உலர்த்திவிட்டு இந்த வரிசையில் போங்கள்.

1. டப்பாவின் மூடி. அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் மடிந்து பொருந்தியிருந்தாலோ மூடி ஓரத்தில் வியர்க்கும்.
2. லிவரின் பின்புறம். லிவர் தள்ளும் இடத்திலுள்ள ரப்பர் மூடியைச் சற்றே விலக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது.
3. மேல் பேஞ்சோ போல்ட். ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரில் சேரும், நடுவில் துளையுள்ள போல்ட். அதன் இரண்டு வாஷர்களையும் தனித்தனியாகப் பாருங்கள்.
4. ஹோஸின் மேல் இரும்பு முனை. ரப்பர் இரும்புக்குள் நுழையும் விளிம்பு.
5. ஹோஸின் உடம்பு. ஹேண்டிலை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பிக்கொண்டே பாருங்கள்.
6. ஏபிஎஸ் பெட்டி. ஏபிஎஸ் வண்டியில் ஹோஸ் நேராகக் காலிபருக்குப் போகாது. நடுவில் ஏபிஎஸ் பெட்டிக்குப் போய்த் திரும்பும். அங்கேயும் இணைப்புகள் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் இருக்கலாம். சீட்டையோ டேங்க்கையோ கழற்ற வேண்டியிருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.
7. கீழ் இரும்பு முனையும் கீழ் பேஞ்சோ போல்ட்டும்.
8. ஏர் நிப்பிள். காலிபரில் ரப்பர் தொப்பி போட்ட சின்ன முலை. தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். ஏர் எடுத்தபோது, அதாவது குழாயிலிருந்து காற்றை வெளியேற்றியபோது, தங்கிய ஆயில் சில நாள் அங்கே இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.
9. காலிபரின் பிஸ்டன் ஓரம். பேட்டின் பின்புறம் ஈரமாக இருந்தால் உள் சீல் போய்விட்டது.

## படி 6: ஹோஸின் உடம்பைச் சோதியுங்கள்

1. விரலால் மேலிருந்து கீழே தடவுங்கள். ஓரிடம் மட்டும் மெத்தென்று இருந்தால் அங்கே ரப்பர் ஊறிவிட்டது.
2. முனைகளுக்கு அருகே மெல்ல வளைத்துப் பாருங்கள். முடி போன்ற வெடிப்பு வெளி ரப்பரில் மட்டும் இருந்தால் மாற்றத் திட்டமிடுங்கள். வெடிப்பில் உள் நூல் தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள்.
3. கிளிப் பிடிக்கும் இடத்தையும் மட்கார்டு உரசும் இடத்தையும் கிளிப்பைச் சற்றே நகர்த்திப் பாருங்கள். உரசிய இடம் பளபளக்கும்.
4. இன்னொருவரை லிவரைப் பலமாக அழுத்தச் சொல்லி, நீங்கள் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். குமிழ் எழுந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. ஹோஸ் மாற்ற வேண்டும்.
5. எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டிருந்தால் பின்னலில் அறுந்த கம்பி இருக்கிறதா என்று துணியால் தடவுங்கள். துணி சிக்கினால் கம்பி அறுந்திருக்கிறது. வெறுங்கையால் தடவாதீர்கள், குத்தும். இந்தப் பின்னலுக்குள் மழைத் தண்ணீர் வெகுநேரம் தங்கும். வெயிலில் உலர்த்திய பிறகே முடிவுக்கு வாருங்கள்.

## படி 7: பவுடர் சோதனை

கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

1. சந்தேகப்படும் இணைப்புகளைப் பிரேக் கிளீனர் அடித்தோ சோப்புத் தண்ணீரில் கழுவியோ முழுதாக உலர்த்துங்கள். அடிக்கும்போது டிஸ்க்கையும் பேட்டையும் துணியால் மூடுங்கள்.
2. பிரஷ்ஷில் முகப்பவுடர் தொட்டு இணைப்பின் மேல் மெல்லிசாகப் பூசுங்கள். கோலமாவு போல வெள்ளைப் படலம் நிற்க வேண்டும், அப்பிவிடக் கூடாது. டிஸ்க் தட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. லிவரை இருபது முறை பலமாக அழுத்தி அழுத்தி விடுங்கள். கடைசியில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள்.
4. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் வெள்ளையில் சாம்பல் நிறப் பொட்டு முதலில் தோன்றும். பிறகு அது நூலாகக் கீழே இழையும். நூலின் மேல் நுனியே ஓட்டை.

கவனம்: சோதனையின்போது கையால் தொட்டால் வியர்வையும் இதே பொட்டைப் போடும். கையுறையோடு மட்டும் வேலை செய்யுங்கள்.

## படி 8: இரவுச் சோதனை

பவுடரிலும் பிடிபடாத கசிவுக்கு ஒரு இரவு கொடுங்கள்.

1. ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி டிஷ்யூ சுற்றி நூலால் கட்டுங்கள்.
2. சாவியை எடுத்துவிட்டு, லிவரை அழுத்திய நிலையில் ரப்பர் பேண்டால் பிடியோடு சேர்த்துக் கட்டுங்கள். அழுத்தம் இரவு முழுக்க ஹோஸில் நிற்கும்.
3. வண்டி வீட்டுக்குள்ளோ ஷெட்டிலோ இருக்கட்டும். வெளியே நின்றால் காலையில் எல்லா டிஷ்யூவும் பனியில் நனைந்திருக்கும்.
4. காலையில் டிஷ்யூக்களை வரிசையாகப் பிரித்து, கறை உள்ளதை டம்ளர் தண்ணீரில் சோதியுங்கள்.
5. ஓட்டும் முன் ரப்பர் பேண்டைக் கழற்ற மறக்காதீர்கள். சாவியின் மேல் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

## கண்டுபிடித்த பின் என்ன செய்வது?

பேஞ்சோ போல்ட்டில் கசிவு: இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் அடைப்பைத் தருகிறது. மறுமுறை அதே இடத்தில் உட்காராது. மேலும் இறுக்கினால் துளையுள்ள அந்த போல்ட் முறியும், அல்லது காலிபரின் அலுமினியப் புரி போய்விடும். இரண்டு வாஷரையும் புதிதாக மாற்றி, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். வாஷரின் விலை சில ரூபாய்தான்.

ஹோஸிலேயே கசிவு: மாற்றுவது ஒன்றே வழி. எம்-சீல், டேப், கிளாம்ப் எதுவும் நிற்காது. குழாயில் வரும் அழுத்தம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் வருவதைப் போலப் பல மடங்கு.

மாஸ்டர் சிலிண்டர், காலிபர் சீல்: ரிப்பேர் கிட் கிடைக்கும். முதல்முறை செய்பவர் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வதே நல்லது.

ஏர் நிப்பிள்: சரியான ஸ்பேனரால் மெல்ல ஒரு இறுக்கு. நிற்காவிட்டால் நிப்பிளை மாற்றுங்கள்.

ஹோஸ் அல்லது வாஷர் மாற்றினால் குழாய் திறக்கிறது. திறந்தால் காற்று புகும். ஆகவே வேலை முடிவில் ஏர் எடுத்தே ஆக வேண்டும். அதன் படிகள் அடுத்த அத்தியாயத்தில். ஏபிஎஸ் வண்டிகள் சிலவற்றில் இதற்குக் கம்பெனி கருவி தேவைப்படும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. காரணம் தேடாமல் ஆயில் ஊற்றுவது. கசிவு அப்படியே இருக்கும், அபாயம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பேட் தேய்ந்து இறங்கிய மட்டத்தை நிரப்பிவிட்டால், புது பேட் போடும் நாளில் ஆயில் பொங்கி டேங்க் மேல் வழியும்.
2. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் துடைப்பது. பிரேக்கின் ரப்பர்கள் பிரேக் ஆயிலுக்காகச் செய்தவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்து வீணாகும்.
3. பிளம்பர் டேப் சுற்றுவது. பேஞ்சோ போல்ட்டில் அடைப்பது வாஷரே தவிரப் புரி இல்லை. டேப்பின் துணுக்கு உள்ளே போனால் சின்னத் துளைகள் அடைபடும்.
4. திறந்து பல மாதமான ஆயிலை ஊற்றுவது. நம் ஊர்க் காற்றில் அது ஈரத்தைக் குடித்திருக்கும். சின்ன பாட்டிலாக வாங்கி, சீலைப் பிரித்த அன்றே பயன்படுத்துங்கள். டப்பா மூடியில் எழுதியுள்ள டாட் எண் கொண்ட ஆயிலையே வாங்குங்கள்.
5. பிரஷர் பம்ப் தண்ணீரை டப்பா மூடியிலும் காலிபர் ரப்பரிலும் நேராக அடிப்பது. சர்வீஸுக்கு விடும்போதே சொல்லிவிடுங்கள்.
6. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது. நம் தெருச் சாக்கடை கெடிலம் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. பாட்டிலில் அடைத்து, பழைய எஞ்சின் ஆயில் சேகரிக்கும் மெக்கானிக் கடையில் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

## வெள்ளத்தில் நின்ற வண்டி

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பர் மழை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் பெருகி வந்தது என்று நம் மாவட்டம் திரும்பத் திரும்பத் தண்ணீரில் நிற்கிறது. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் எஞ்சின் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுகிறார்கள். பிரேக்கை யாரும் நினைப்பதில்லை.

முன் டப்பா ஹேண்டிலின் உயரத்தில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். பின் டப்பாவும் இரண்டு காலிபர்களும் முழங்கால் தண்ணீரிலேயே மூழ்கும். அப்படி நின்ற வண்டிக்கு:

1. நல்ல தண்ணீரில் மென்மையாகக் கழுவி, சேறும் உப்பும் போக்குங்கள்.
2. பின் டப்பாவைச் சுற்றித் துடைத்து உலர்த்திய பிறகே மூடியைத் திறங்கள். ஆயில் கலங்கலாகவோ பால் போலவோ இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.
3. நிறம் நன்றாகத் தெரிந்தாலும் முன், பின் ஆயில் இரண்டையும் முழுதாக மாற்றுங்கள். ஆயிலில் கரைந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது.
4. காலிபரைக் கழற்றிச் சேற்றை நீக்கி, பிஸ்டன் ரப்பரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.
5. ஒரு வாரம், பிறகு ஒரு மாதம் கழித்துப் படி 5-ஐ மறுபடி செய்யுங்கள். துரு மெல்லத்தான் வேலை காட்டும்.

## கடைசிச் சோதனை: ஓட்டிப் பார்ப்பது

1. நின்ற இடத்திலேயே லிவரை அழுத்துங்கள். கெட்டியாக நின்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.
2. வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக் பிடியுங்கள். விட்டதும் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் ஹோஸின் உள்குழாய் வீங்கி அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் இறுகியிருக்கலாம்.
3. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், நடக்கும் வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள். ஹெல்மெட் அணியுங்கள்.
4. திரும்பி வந்து, துடைத்து வைத்த இடங்களை மறுபடி டார்ச்சில் பாருங்கள்.

## ஆண்டுக்கு ஒரு அட்டவணை

- மாதம் ஒருமுறை: மட்டம், நிறம், ஹோஸ் முனைகள். ஐந்து நிமிட வேலை.
- புரட்டாசியில், மழைக்கு முன்: இந்த அத்தியாயத்தின் படிகள் 1 முதல் 6 வரை.
- தை பிறந்ததும், மழைக்குப் பின்: மறுபடி ஒருமுறை.
- இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை: பிரேக் ஆயில் மாற்றம். வண்டி குறைவாக ஓடினாலும் மாற்றுங்கள். ஈரம் கிலோமீட்டர் பார்த்து ஏறுவதில்லை.
- நான்கு ஆண்டு ஆனதும்: ரப்பர் ஹோஸை மாற்றத் திட்டமிடுங்கள். உங்கள் வண்டியின் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி அன்று வேலைக்குப் பஸ்ஸில் போனார். மாலையில் இரண்டு புது வாஷர் போட்டு, ஏர் எடுத்து, டிஷ்யூ சுற்றி இரவு முழுக்க வைத்தோம். காலையில் டிஷ்யூவைப் பிரித்து என்னிடம் நீட்டினார். வெள்ளையாக, காய்ந்து, மொடமொடவென்று இருந்தது. "இப்ப எடுக்கலாம்ணே" என்று அவரே சொன்னார்.